வெளியே வராத கொம்பாயி

ஒரு காட்டில் ஒரு மருத மரம் நின்றது. பாதி பச்சை, பாதி பட்டுப்போனது. உச்சியில் இலை கிடையாது. பட்டை உரிந்து வெள்ளையாக இருக்கும். நடு மரத்தில் ஒரு பெரிய பொந்து. பார்த்தவர்கள் யாரும் அந்த மரத்தை அழகு என்று சொன்னதில்லை. ஆனால் பிள்ளைகளே, இந்தக் கதையின் நாயகி அந்தப் பொந்துக்குள்தான் இருக்கிறாள். அதனால் மூக்கைச் சுளிக்காமல் கேளுங்கள்.

அவள் பெயர் கொம்பாயி. அவள் ஓர் இருவாச்சிப் பறவை. வளைந்த பெரிய அலகு, அதன்மேல் சின்னதாக ஒரு கொம்பு. அவளிடம் இருந்த குணம் ஒன்றே ஒன்றுதான். பிடிவாதம். மாட்டேன் என்று சொல்லிவிட்டால் பிறகு மழையே வந்து கெஞ்சினாலும் மாட்டாள்.

இருவாச்சிகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. முட்டையிடும் காலம் வந்ததும் பெண் பறவை பொந்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். வாசலை மண்ணும் எச்சமும் குழைத்துப் பூசி அடைத்துவிடும். அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீறல் மட்டும் விடும். ஆண் பறவை பழம் பொறுக்கி வந்து அந்தக் கீறல் வழியாக ஊட்டும். உள்ளே இருப்பவளுக்கு இறக்கையின் இறகெல்லாம் உதிர்ந்துபோகும். புது இறகு முளைத்து, குஞ்சுகளும் கொஞ்சம் வளர்ந்த பிறகுதான் அவள் சுவரை உடைத்து வெளியே வருவாள். அதுவரை அவளால் பறக்க முடியாது. மரம் விழுந்தால் அவளும் அதோடு விழ வேண்டியதுதான்.

கொம்பாயி அந்த வருடமும் அப்படித்தான் உள்ளே போய் வாசலை அடைத்துக்கொண்டாள். கீறல் வழியாக அவளுக்குத் தெரிந்த உலகம் கொஞ்சம். எதிரே ஒரு சூரைமுள் புதர். அதற்குப் பின்னால் ஒரு பாதை. மேலே ஒரு துண்டு வானம். அவளுடைய கணவன் வீரணன் வரும்போது அந்த வானமும் மறைந்துவிடும்.

அந்தக் காட்டுக்கு ராஜா மலையாண்டி என்ற யானை. நல்ல மனசுக்காரர். ஆனால் கடைசியாக யார் பேசுகிறார்களோ அவர்கள் சொல்வதே அவருக்குச் சரி என்று படும். மந்திரி சிங்காரம் என்ற மயில். அவருக்கு அழகு ஒன்றுதான் கண்ணில் படும். அதிலும் தன் அழகு கொஞ்சம் கூடுதலாகவே படும்.

ஒருநாள் மந்திரி காட்டுக்கு வெளியே மேயப் போனார். போன இடத்தில் ஒரு தென்னந்தோப்பைப் பார்த்தார். அன்றோடு காட்டின் நிம்மதி போயிற்று.

திரும்பி வந்ததும் நேரே குளத்தங்கரைக்குப் போனார். ராஜா அங்கே சேறு பூசிக்கொண்டிருந்தார். அத்தி மரத்தில் வீரணன் பழம் பொறுக்கிக்கொண்டிருந்தான்.

"ராசா, நான் ஒரு தோப்பு பார்த்தேன். மரமெல்லாம் வரிசையா நிக்குது. ஒண்ணுகூட கோணல் இல்லை. தரையில ஒரு சருகு கிடையாது. ஒரு முள்ளு கிடையாது. கண்ணுல ஒத்திக்கலாம். நம்ம காட்டைப் பாருங்க. குப்பைமேடு."

ராஜா சுற்றும் முற்றும் பார்த்தார். அதுவரை காடு அழுக்கு என்று அவருக்குத் தோன்றியதே இல்லை. மந்திரி சொன்ன பிறகு அழுக்கைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை.

"அந்தத் தோப்புல யார் யாரு குடியிருக்காங்க?" என்று மேலேயிருந்து வீரணன் கேட்டான்.

"யாரும் இல்லை. அதனாலதான் அவ்வளவு சுத்தமா இருக்கு" என்றார் மந்திரி பெருமையாக.

கடைசியாகப் பேசியவர் மந்திரி. ராஜா தலையை ஆட்டிவிட்டார். அன்று சாயங்காலமே சட்டம் வந்துவிட்டது. காய்ந்த மரம், முள் புதர், சருகு, கறையான் புற்று எதுவும் காட்டில் இருக்கக் கூடாது.

வீரணன் வாயில் இருந்த அத்திப்பழத்தை விழுங்கவும் மறந்து பறந்து வந்தான்.

"கேளு புள்ள. காஞ்ச மரத்தையெல்லாம் தள்ளப்போறாங்களாம். நம்ம மரத்தையும் சொல்லிட்டாங்க."

"யாரு சொன்னது?"

"மந்திரி சொன்னாரு, ராசா தலையாட்டினாரு."

"ராசா எதுக்குத்தான் தலையாட்டல?"

"விளையாட்டு இல்லை கொம்பாயி. சுவரை உடைச்சுட்டு வெளியே வந்துடு. பறக்க முடியலேன்னாலும் தத்தித் தத்தியாவது எங்கேயாவது போயிடலாம். நான் கூடவே வர்றேன்."

"முட்டையும் தத்தித் தத்தி வருமா?"

வீரணன் கிளையில் இடம் மாறி உட்கார்ந்தான். அவன் நல்லவன். ஆனால் கவலைப்படத் தெரிந்த அளவுக்கு வழி சொல்லத் தெரியாது.

"வேற மரத்துல வேற பொந்து பார்த்துக்கலாம் அடுத்த வருஷம்" என்று மெதுவாகச் சொன்னான்.

"பொந்து என்ன கடையிலயா கிடைக்குது? மரம் கிழடாகணும். கிளை ஒடியணும். ஒடிஞ்ச இடத்துல மழை இறங்கி உளுத்துப்போகணும். எங்கம்மாவும் இந்தப் பொந்துலதான் என்னைப் பொரிச்சா. நான் வெளியே வரமாட்டேன்."

"பயமா இல்லையா உனக்கு?"

"இருக்கு. பயந்துக்கிட்டே இங்கேயே இருக்கேன். அந்தப் பழத்தைக் கொடுங்க."

மறுநாள் வேலை தொடங்கியது. குரங்குகள் சருகைக் கூட்டி ஓடையில் தள்ளின. காட்டுப்பன்றிகள் முள் புதர்களை மூக்கால் கிளப்பிப் பிடுங்கின. கரடி புற்றுகளை இடித்தது.

எல்லாருக்கும் ஒரே உற்சாகம். ஏன் தெரியுமா? அவரவருக்கு அடுத்தவர் குப்பைதான் கண்ணை உறுத்தியது. சருகு இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்றது கரடி. புற்று பார்க்கவே அருவருப்பு என்றது பன்றி. முள் காலில் குத்துகிறது என்றது மான். தனக்கு எது வேண்டும் என்று அன்றைக்கு யாரும் யோசிக்கவில்லை. கரடி இடித்த புற்றிலிருந்தெல்லாம் கறையானை வழித்து வழித்துத் தின்றது. நாளைக்குத் தின்ன எந்தப் புற்று இருக்கும் என்ற கேள்வி அதன் பெரிய தலைக்குள் நுழையவே இல்லை.

இவர்கள் எல்லாரையும்விட அதிகமாகப் பாராட்டியது நரி. அதற்குத் தெரிந்ததெல்லாம் புகழ்வதுதான். மந்திரி போகும் இடமெல்லாம் பின்னாலேயே போனது.

"ஆகா, எவ்வளவு தூரம் பார்க்க முடியுது மந்திரியாரே. ஒரு முயல் அசைஞ்சாக்கூடத் தெரியுது."

மந்திரி அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டார். தோகையை ஒருமுறை விரித்துக் காட்டினார்.

கொம்பாயி கீறல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தாள். முன்பெல்லாம் பாதைக்கு அந்தப் பக்கம் பச்சை அடர்ந்து இருக்கும். இப்போது வெறும் செம்மண் தெரிந்தது. ஒவ்வொரு நாளும் வெளிச்சம் கூடிக்கொண்டே வந்தது. அவளுக்கு அந்த வெளிச்சம் பிடிக்கவில்லை. இதற்கிடையில் முட்டைகள் பொரிந்தன. கண் திறக்காத, ஒரு மயிரும் இல்லாத குஞ்சுகள். அவற்றின் அழகைப் பற்றி மந்திரியிடம் கருத்துக் கேட்டால் அவற்றையும் கூட்டித் தள்ளச் சொல்லியிருப்பார்.

காட்டில் கடைசியாக மிஞ்சியது இரண்டு. கொம்பாயியின் மருத மரமும், அதன் எதிரே இருந்த சூரைமுள் புதரும். சூரைமுள் கொக்கிபோல வளைந்தது. உள்ளே போனால் விடாது. பன்றிகள் அதை இரண்டு முறை முட்டிப் பார்த்து, மூக்கு கிழிந்து, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று போய்விட்டன.

பன்றிகள் போன பிறகு அந்தப் புதருக்குள்ளிருந்து மெல்ல ஓர் அழுகைச் சத்தம் வந்தது.

"அழாதே செவந்தி. போயிட்டாங்க" என்றாள் கொம்பாயி.

புதருக்குள் இருந்தவள் ஒரு பெண் மயில். தரையில் சருகைக் கூட்டி முட்டையிட்டு அடைகாத்துக்கொண்டிருந்தாள். மயில் கூட்டத்தில் ஒரு வழக்கம் இருக்கிறது. ஆண் ஆடுவதோடு சரி. முட்டையிட்ட இடத்தைப் பெண் யாரிடமும் சொல்லாது. ஆடியவனிடம்கூடச் சொல்லாது. அவனும் கேட்டதில்லை. கொம்பாயிக்கு மட்டும் மேலேயிருந்து தெரிந்தது. இரண்டு பேரும் இத்தனை நாளும் பேசிப் பேசியே பகலைக் கழித்திருந்தார்கள்.

"அக்கா, நாளைக்கு வந்துடுவாங்க. நான் எழுந்து ஓடிடவா?"

"எங்கே ஓடுவே? மறைய ஒரு செடி விட்டு வெச்சிருக்காரா உன் மந்திரியார்?"

செவந்தி இன்னும் கொஞ்சம் அழுதாள்.

"அவருக்குத் தெரியாது அக்கா. தெரிஞ்சிருந்தா செஞ்சிருக்கமாட்டாரு."

"நீ சொல்லியிருக்கலாமே."

"எங்க அம்மா சொன்னதில்லை. பாட்டி சொன்னதில்லை. நான் மட்டும் எப்படிச் சொல்றது? நீங்களும் சொல்லக் கூடாது. சத்தியம் பண்ணுங்க."

கொம்பாயிக்குக் கோபம் வந்தது. ஆனால் பயந்து நடுங்குகிறவளிடம் கோபத்தைக் காட்டி என்ன பயன்? கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"சரி, நான் சொல்லமாட்டேன். ஆனா நீயும் ஒரு வாக்குக் கொடு. நாளைக்கு யார் வந்து தலையை நீட்டினாலும் நீ எழுந்திருக்கக் கூடாது. கொத்து. ஓடாதே. கொத்து."

"யார் வந்தாலுமா?"

"யார் வந்தாலும்."

மறுநாள் காலையில் காடே திரண்டு வந்தது. முன்னால் ராஜா மலையாண்டி. பக்கத்தில் மந்திரி. பின்னால் குரங்குகள், பன்றிகள், கரடி, மான், முயல். எல்லாருக்கும் கடைசியில் நரி. கடைசி வேலை முடிந்ததும் விழா என்று மந்திரி சொல்லியிருந்தார். விழாவில் அவரே ஆடுவதாகவும் ஏற்பாடு.

"கொம்பாயி, வெளியே வாம்மா. மரத்தைத் தள்ளணும்" என்றார் ராஜா அன்பாகவே.

"வரமாட்டேன் ராசா."

கூட்டம் சலசலத்தது. ராஜாவிடம் மாட்டேன் என்ற சொல்லை அந்தக் காடு கேட்டதில்லை. ராஜாவும் கேட்டதில்லை. அதனால் அவருக்குக் கோபம் வரவில்லை, ஆச்சரியம்தான் வந்தது.

"ஏன் வரமாட்டே?"

"இறகு இல்லை. குஞ்சு இருக்கு."

"அட, குஞ்சா? அப்போ விட்டுடலாமே" என்றார் ராஜா.

"ராசா, ஒருத்தருக்கு விட்டா நாளைக்கு எல்லாரும் கேப்பாங்க" என்றார் மந்திரி.

"அதுவும் சரிதான்."

"நீங்க குளத்தங்கரையில திங்கிற அத்தி யாரு போட்ட விதை ராசா? எங்க கூட்டம் தின்னு போட்ட விதை. எங்களுக்குப் பொந்து இல்லேன்னா உங்களுக்கு அத்தி இல்லை" என்றாள் கொம்பாயி.

"அடடா, அப்படியா? அப்போ வேண்டாம்."

"அத்தி தானா முளைக்கும் ராசா. இந்த ஒரு மரத்தை விட்டா நம்ம காடு சொத்தைப் பல்லு தெரியுற வாய் மாதிரி இருக்கும்" என்றார் மந்திரி.

"அதுவும் சரிதான்" என்று ராஜா முன்னால் வந்து நெற்றியை மரத்தில் வைத்தார்.

மரம் ஆடியது. வாசல் சுவரிலிருந்து மண் பொலபொலவென்று உதிர்ந்து கொம்பாயியின் தலையில் விழுந்தது. ஒரு குஞ்சு வீல் என்று கத்தியது. வீரணன் மரத்தைச் சுற்றிச் சுற்றிப் பறந்து அலறினான். கொம்பாயி இறகில்லாத இறக்கையால் குஞ்சுகளை மூடிக்கொண்டாள். சுவரை உடைத்தால் இப்போதுகூட அவள் மட்டும் தப்பலாம். அவள் அலகால் சுவரைத் தொடவே இல்லை. கீறலில் வாயை வைத்து ஒரே ஒரு வார்த்தை சொன்னாள்.

"கால் பத்திரம் ராசா."

ராஜா சட்டென்று நின்றார். "ஏன், காலுக்கு என்ன?"

"எதிர்ல சூரைமுள் இருக்கு பாருங்க. மரம் அதுமேலதான் விழும். நீங்க அதுக்குள்ளே நடந்துதான் மரத்தை இழுத்துப் போடணும். பாதத்துல ஏறினா மழைக்காலம் வரைக்கும் நொண்டுவீங்க."

யானை எவ்வளவு பெரியதானாலும் பாதம் மெத்தென்றிருக்கும். ராஜா ஒரு காலைத் தூக்கிப் பத்திரமாகப் பின்னால் வைத்தார்.

"இந்தப் புதரை ஏன் இன்னும் எடுக்கலை?" என்று மந்திரி அதட்டினார்.

பன்றிகள் கிழிந்த மூக்கைக் காட்டின. குரங்குகள் வானத்தைப் பார்த்தன. கரடி முதுகைச் சொறிந்துகொண்டது.

"அதனால என்ன?" என்றாள் கொம்பாயி. "காட்டுல இருக்கிற கடைசி முள்ளு இது. சட்டம் போட்டவர் கையாலேயே இதை எடுத்தாத்தான் பொருத்தம். இவ்வளவு பேரும் பார்க்க வந்திருக்காங்க. மந்திரியாரே செய்யட்டும்."

மயிலுக்குக் கை ஏது என்று கேட்காதீர்கள். இவ்வளவு பேரும் பார்க்கிறார்கள் என்ற பேச்சு காதில் விழுந்த பிறகு மந்திரிக்குக் கை, கால், கொண்டை எல்லாம் நினைவிலேயே இல்லை. தோகையை விரித்தார். ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினார். மெல்ல நடந்து போய்ப் புதருக்குள் தலையை நீட்டினார்.

டொக்.

மந்திரி பின்னால் குதித்தார்.

"பாம்பு" என்றார் மூச்சு வாங்க. பிறகு எல்லாரும் பார்ப்பது நினைவுக்கு வந்தது. "பயப்படாதீங்க. பாம்பு எனக்குச் சாப்பாடு."

மறுபடியும் தலையை நீட்டினார். இந்த முறை டொக் டொக் என்று இரண்டு சத்தம் கேட்டது. மந்திரி தலையை வெளியே எடுத்தபோது கொண்டையில் பாதி இல்லை. ஒரு குரங்கு சிரிப்பை அடக்கப் பார்த்துத் தும்மிவிட்டது.

"பாம்பு இல்லை" என்றது புதருக்குள் இருந்த குரல். "நான்தான்."

மந்திரி கழுத்தை நீட்டிப் பார்த்தார். "செவந்தியா? இங்கே என்ன பண்றே? சட்டம் தெரியாதா உனக்கு?"

"தெரியும். எடுங்க. புதரை எடுத்தா அடியில முட்டை இருக்கும். அதையும் எடுங்க."

"முட்டையா? யாரோட முட்டை?"

மந்திரி உண்மையாகவே புரியாமல்தான் கேட்டார். அவருக்கு அது அதுவரை தோன்றியதே இல்லை.

"போன மாசம் ஆடினது யாரு?" என்றாள் செவந்தி. நேற்றுவரை அழுதுகொண்டிருந்தவள் அவள். இப்போது எழுந்து நின்று, முள்ளுக்கு நடுவே தலையை நிமிர்த்தி, எல்லாரும் கேட்கும்படி சொன்னாள். "உங்க ஆட்டத்தை நான் பார்த்தேன். உங்க முட்டையை நீங்க பாருங்க. இதுவும் இந்தக் காட்டுக் குப்பைதான். பிடுங்கிப் போடுங்க."

மந்திரி தோகையை மடக்கிக்கொண்டார். அவ்வளவு பெரிய தோகையை மடக்கி எங்கே வைப்பது என்று தெரியாதவர்போல நின்றார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"ராசா, நான் நினைக்கிறேன், இந்த ஒரு புதர் மட்டும் இருக்கட்டும். ஒரு அழகுக்கு."

"ஒரு புதர் மட்டுமா?" கீறலில் இருந்து கொம்பாயியின் குரல் வந்தது. "காடு முழுக்க மொட்டை. நடுவுல ஒரே ஒரு புதர். அது ஒளிஞ்சுக்கற இடமா மந்திரியாரே? சாப்பாட்டுத் தட்டு. சந்தேகமா இருந்தா உங்க சிநேகிதனைத் திரும்பிப் பாருங்க."

எல்லாரும் திரும்பினார்கள். கூட்டத்துக்குக் கடைசியில் நின்ற நரி இப்போது முன்வரிசையில் இருந்தது. எப்போது வந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. அது மந்திரியைப் பார்க்கவில்லை. புதரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"நான் சுத்தத்தைப் பாராட்ட வந்தேன்" என்றது நரி.

"முன்னே எல்லாம் நீ வந்தா சருகு சத்தம் போடும்" என்றது முயல். அதுவரை அது வாயே திறக்கவில்லை. "நான் குட்டிகளைக் கூட்டிக்கிட்டு முள்ளுக்குள்ளே போயிடுவேன். இப்போ சத்தமும் இல்லை, முள்ளும் இல்லை. என் குட்டிகள்ல ஒண்ணைக் காணோம்."

முயல் அவ்வளவுதான் சொன்னது. சருகைக் கூட்டிய குரங்குகள் ஒன்றை ஒன்று பார்க்காமல் தரையைப் பார்த்தன.

மந்திரிக்குத் தான் செய்தது புரிந்துவிட்டது. ஆனால் போட்ட சட்டத்தைத் திரும்ப எடுக்கும் அளவுக்கு மனசு வரவில்லை. "ராசா, வேணும்னா இன்னும் கொஞ்சம் புதரை விடலாம். மரத்தை மட்டும் தள்ளிடுங்க. அது காஞ்ச மரம், அதுல யாருக்கும் ஒண்ணும்..." என்று இழுத்தார்.

ராஜாவுக்குத் தலை சுற்றியது. ஒருவர் பேசினால் ஒன்று சரி, மற்றவர் பேசினால் மற்றது சரி. "கடைசியா என்னதான் சொல்றீங்க?" என்றார் பாவம்போல.

"ராசா" என்றாள் கொம்பாயி. "மந்திரியார் பேசி முடிக்கட்டும். அவருக்கு ஆட்டம் இருக்கு, மேய்ச்சல் இருக்கு, எப்படியும் கிளம்பணும். நான் இங்கேதான் இருப்பேன். வெளியே வரமாட்டேன். அவர் எத்தனை தடவை பேசினாலும் அதுக்கப்புறம் நான் ஒரு தடவை பேசுவேன். இன்னைக்கும் பேசுவேன், நாளைக்கும் பேசுவேன். மரத்தைத் தள்ளினா விழுந்த இடத்துல இருந்து பேசுவேன். நீங்க அதையும் கேட்டுக்கிட்டுத்தான் தூங்கணும்."

ராஜா அந்தக் கீறலையே பார்த்துக்கொண்டு நின்றார். உள்ளே இருட்டில் ஒரு கண் மட்டும் தெரிந்தது. அது அவரை விட்டு நகரவில்லை. அவர் வாழ்க்கையில் முதல்முறையாக, இன்னொருவர் பேசுவதற்கு முன்னால் தானாக ஒரு முடிவுக்கு வந்தார்.

"மரம் நிக்கட்டும். சட்டம் போகட்டும்."

மந்திரி வாயைத் திறந்தார். புதருக்குள்ளிருந்து செவந்தி அவரைப் பார்த்தாள். மந்திரி வாயை மூடிக்கொண்டார்.

சட்டம் போட ஒரு சாயங்காலம் போதுமாயிருந்தது. அதைச் சரிசெய்யத்தான் நாளாயிற்று. மழை வரும்வரை முள் முளைக்காது. அதனால் பிடுங்கிப் போட்ட முள்ளையெல்லாம் இழுத்து வந்து குவியல் குவியலாகப் போடச் சொன்னாள் கொம்பாயி. பொந்துக்குள் இருந்தபடியே வேலை வாங்கினாள். பன்றிகள் முணுமுணுத்துக்கொண்டே இழுத்தன. ராஜா ஒடிந்த கிளைகளைத் தூக்கி அதன்மேல் போட்டார். குரங்குகள் ஓடைக்கரையில் ஒதுங்கிய சருகை அள்ளிவந்து பரப்பின. கூட்டும்போது இருந்த உற்சாகம் பரப்பும்போது இல்லை. முதல் குவியல் போட்ட அன்றே முயல் மிச்சக் குட்டிகளோடு அதற்குள் போய்விட்டது. கௌதாரிகள் வந்தன. ஓர் உடும்பு வந்தது. கரடிக்கு மட்டும் வெகுநாள் பட்டினிதான். புற்று அவ்வளவு சீக்கிரம் வளராது. அது பார்க்கிறவர்களிடமெல்லாம் மந்திரியைத் திட்டியது. தான் இடித்ததைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

நரி அந்தத் தென்னந்தோப்புக்குக் குடிபோனது. அங்கே ரொம்பச் சுத்தமாக இருந்தது. தின்ன ஒன்றும் இல்லை.

செவந்தியின் குஞ்சுகள் முள்ளுக்குள்ளிருந்து வெளியே வந்த அன்று, தூரத்தில் நின்று மந்திரி பார்த்தார். கிட்டே வரவில்லை. ஆனால் அன்று அவர் ஆடவும் இல்லை.

பிறகு ஒருநாள் மருத மரத்துக்குள்ளிருந்து தட்டும் சத்தம் கேட்டது. சுவர் உடைந்தது. புது இறகெல்லாம் பளபளக்க கொம்பாயி வெளியே வந்து கிளையில் உட்கார்ந்தாள். வீரணன் ஊட்டுவதற்குக் கொண்டுவந்த பழத்தை என்ன செய்வது என்று தெரியாமல் தானே தின்றுவிட்டான்.

மரத்தில் முதுகு தேய்த்துக்கொள்ள வந்த ராஜா நிமிர்ந்து பார்த்தார். "கொம்பாயி, வெளியே வந்துட்டியா?"

"வந்தேன் ராசா. நானா வந்தேன்."

பக்கத்தில் மந்திரியும் இருந்தார். பழைய புத்தி எங்கே போகும்? பட்ட உச்சியை ஒரு பார்வை பார்த்தார். உடைந்த பொந்தைப் பார்த்தார்.

"இப்போ காலிதானே?" என்றார் மெதுவாக.

கொம்பாயி அலகால் பொந்தைக் காட்டினாள். உள்ளே இரண்டு சின்ன அலகுகள் வேகவேகமாக வேலை செய்துகொண்டிருந்தன. அம்மா உடைத்த சுவரைக் குஞ்சுகள் தாங்களே மறுபடி பூசி அடைத்துக்கொண்டிருந்தன. பறக்கக் கற்கும்வரை அவையும் உள்ளேதான் இருக்கும். அதுவும் இருவாச்சிகளின் வழக்கம்தான்.

மந்திரி கிட்டே போய்க் கழுத்தை நீட்டினார். மிச்சமிருந்த பாதிக் கொண்டையைக் கொஞ்சம் பத்திரமாகவே வைத்துக்கொண்டார். குரலைக் குழைத்துக் கூப்பிட்டார்.

"கண்ணுங்களா, வெளியே வாங்க பார்க்கலாம்."

கீறலுக்குள்ளிருந்து இரண்டு கீச்சுக் குரல்கள் ஒன்றாக வந்தன.

"வரமாட்டோம்."

நீதி: தனக்கு வேண்டாதது யாருக்கும் வேண்டாதது என்று எண்ணி அழிப்பவன், தன் வீட்டையும் சேர்த்தே அழிக்கிறான்.